மூன்று கம்பனிப் பட்டியலை ஒரே கடைத் தளத்தில் இணைப்பது எப்படி?

பரந்தன்சந்தி

வணக்கம். கிளிநொச்சியில் இருக்கிற விவசாய உதிரிப்பாகக் கடை ஒன்றுக்கு, வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்குகிற வூகொமர்ஸ் செருகியில் தளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்ப் பம்ப், பிவிசி குழாய், ஃபிற்றிங்ஸ், பெயாரிங், பெல்ற், மருந்தடிக்கிற மெசின், விதை என்று ஏறத்தாழ 4,800 பொருள். பட்டியல் மூன்று இடத்திலிருந்து வருகிறது, மூன்றும் மூன்று மாதிரி.

முதலாவது கம்பனி ஏபிஐ (நிரலால் நேரே தரவு கேட்கிற வழி) தந்திருக்கிறது. குறியீடு, பெயர், விலை, கையிருப்பு, பட முகவரி எல்லாம் ஜேசன் என்ற உரை வடிவில், பக்கத்துக்கு 200 பொருளாக வரும். இரண்டாவது கம்பனி திங்கட்கிழமைகளில் எக்செல் கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பும். மூன்றாவது தருவது பிடிஎஃப். அதில் மட்டும்தான் தமிழ்ப் பெயர் இருக்கிறது, ஆனால் கொப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக விழுகிறது.

இப்போது நிற்கிற சிக்கல்கள்: ஒரே 6203 பெயாரிங் தளத்தில் மூன்று இடத்தில் மூன்று விலையில் நிற்கிறது. எக்செல்லை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) ஆக்கி ஏற்றினால் அரை இஞ்சிச் சொக்கட்டின் அளவு "01-பெப்" என்று வருகிறது. ஏபிஐ இழுப்பு ஒருமுறை பாதியில் அறுந்ததில் 900 பொருள் தளத்தில் காணாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் விட, "கச்சான் விதை" என்று தேடினால் ஒன்றும் வராது. பட்டியலில் நிலக்கடலை என்று இருக்கிறது. "2 இஞ்சி எல்போ" என்றாலும் வராது. பட்டியலில் 63 மிமீ.

வாங்குகிற ஆக்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம், துணுக்காய்ப் பக்கம். முழுக்கக் கைபேசி. மூன்று பட்டியலையும் தானாக இழுத்துப் போடுகிற நல்ல செருகி ஏதும் இருக்கிறதா, இல்லாவிட்டால் நிரல் எழுதத்தான் வேணுமா? பிஎச்பி ஓரளவு தெரியும்.

கிரோன்காரன்

செருகி கிடக்கட்டும். கம்பனிப் பட்டியலை நேரே வூகொமர்ஸுக்குள் விடுகிறதுதான் இங்கே மூல வருத்தம். நடுவில் ஒரு மேசை வேணும். கம்பனி தருவது அந்த மேசையில் விழட்டும், அங்கே தரம் பிரித்த பிறகு தளத்துக்கு ஏற்றுங்கோ. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மூன்று அட்டவணை போதும்.

முதலாவது வரவு. கம்பனி, கம்பனிக் குறியீடு, பெயர், விலை, அலகு, கையிருப்பு, கடைசியாகக் கண்ட நேரம். இதில் வந்தது வந்தபடியே கிடக்க வேணும், கை வைக்கக் கூடாது. இரண்டாவது உங்கள் கடையின் பொருள் அட்டவணை. கடைக் குறியீடு நீங்களே போடுவது. கம்பனியின் குறியீட்டையே கடைக் குறியீடாக எடுத்தால் கம்பனியை மாற்றுகிற அன்றைக்கு எல்லாம் அறுந்து போகும். தமிழ்ப் பெயர், பிரிவு, படம், தேடற்சொற்கள், வூகொமர்ஸ் தருகிற பொருள் இலக்கம் எல்லாம் இங்கே. மூன்றாவது இணைப்பு அட்டவணை: எந்தக் கம்பனியின் எந்தக் குறியீடு, எங்கள் எந்தப் பொருள், ஒரு பொதியில் எத்தனை. உங்கள் 6203 மூன்று இடத்தில் நிற்பது இந்த மூன்றாவது அட்டவணை இல்லாததால்தான். அதைப் போட்டுவிட்டால் மூன்று கம்பனியும் ஒரே பொருளுக்கு விலை சொல்கிற மூன்று வாய், அவ்வளவுதான். எந்த விலையைத் தளத்தில் காட்டுவது என்பதை நீங்கள் முடிவெடுக்கலாம்.

"ஒரு பொதியில் எத்தனை" என்ற புலத்தை விட்டுவிடாதீங்கோ. ஒருத்தர் 25 சொக்கட் உள்ள பைக்கு விலை போடுவார், மற்றவர் ஒன்றுக்குப் போடுவார். வகுக்காமல் ஒப்பிட்டால் குறைந்த விலை என்று பிழையான ஆளைப் பிடிப்பீர்கள். அதுபோலத்தான் வற் வரியும். 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். ஒரு பட்டியல் வரி சேர்த்தும் மற்றது சேர்க்காமலும் இருந்தால் மேசையிலேயே ஒரு மாதிரிக்குக் கொண்டுவரவேணும். கடை வற்றுக்குப் பதிவில்லை என்றால் கொடுத்த வரியைத் திருப்பி எடுக்க ஏலாது, ஆகவே வரியோடு சேர்ந்ததுதான் உங்கள் கொள்விலை.

எக்செல் பற்றி. "01-பெப்" வருவது எக்செல் 1/2 ஐத் திகதி என்று நினைப்பதால். கணினியின் நாட்டு அமைப்பைப் பொறுத்து அது பெப்ரவரி 1 ஆகும் அல்லது ஜனவரி 2 ஆகும். 3/4 க்கும் அதே கதி. 13 இலக்கப் பார்கோட்டுக்கு இன்னொரு வியாதி: 479 என்று தொடங்குகிற இலங்கைப் பார்கோட் 4.79 என்ற அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கி, அப்படியே சிஎஸ்வியில் சேமிக்கப்பட்டால் மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான், திரும்பி வராது. முன்னால் பூச்சியம் உள்ள குறியீட்டில் பூச்சியம் விழுந்துவிடும். தமிழ் எழுத்து கேள்விக்குறியாவது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமிக்காமல் வெறும் சிஎஸ்வியாகச் சேமிப்பதால்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: கம்பனி அனுப்பிய கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்கவே வேண்டாம். பிஎச்பியில் எக்செல் கோப்பை நேரே வாசிக்கிற பிஎச்பிஸ்பிரெட்ஷீற் என்ற நூலகம் இருக்கிறது, அதால் வாசியுங்கோ. கையால் பார்த்தே ஆகவேணும் என்றால் லிப்ரேஓபிஸ் கல்க்கில் சிஎஸ்வியைத் திறக்கிறபோது வருகிற பெட்டியில் எல்லா நிரலையும் (நெடுவரிசையையும்) தெரிவுசெய்து வகை "உரை" என்று போட்டுவிட்டுத் திறவுங்கோ. கம்பனி அனுப்பும்போதே திகதியாக மாறியிருந்தால் உங்கள் பக்கத்தில் எதுவும் செய்ய ஏலாது, அவர்களுக்குத்தான் சொல்லவேணும்.

பார்கோட் பழுதில்லையா என்று நிரலால் சோதிக்கலாம். இடப்பக்கத்திலிருந்து 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டுங்கோ. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆவது இலக்கமாக இருக்கவேணும். பொருந்தாத வரியை ஏற்றாமல் ஒரு பக்கம் எடுத்து வையுங்கோ.

விலையில் இன்னொரு குழி. பிஎச்பியில் "1,250.00" என்ற உரையை நேரே எண்ணாக மாற்றினால் காற்புள்ளியில் நின்றுவிடும், விடை 1. ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாச் சாமான் ஒரு ரூபாவுக்குத் தளத்தில் ஏறும், ஆரோ ஒருத்தர் இருபது ஓடர் போடுவார். காற்புள்ளியையும் "ரூ." என்பதையும் வெட்டிவிட்டு மாற்றுங்கோ. அதோடு காவலுக்கு ஒரு விதி: பழைய விலைக்கும் புதிய விலைக்கும் 30 வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் தானாக மாற்றாதே, ஆள் பார்க்கட்டும்.

900 பொருள் காணாமல் போனது இதே வகைதான். "இன்றைய பட்டியலில் இல்லை, ஆகவே அழி" என்று எழுதியிருப்பீர்கள். அழிக்கவே கூடாது. முதல் பக்கத்திலேயே பெரும்பாலும் மொத்த எண்ணிக்கை வரும். கடைசிப் பக்கம் வாசித்து முடிந்ததும் கைக்கு வந்த வரிகளை அதோடு ஒப்பிடுங்கோ. குறைந்தால் அந்த ஓட்டத்தையே கழித்துவிடுங்கோ, தளம் பழையபடி நிற்கட்டும். முழுதாக வந்த மூன்று ஓட்டத்தில் தொடர்ந்து இல்லாத பொருளை மட்டும் "கையிருப்பு இல்லை" ஆக்குங்கோ. பக்கம் பக்கமாக வாசிக்கும்போது இலக்க ஒழுங்கில் கேளுங்கோ. பெயர் ஒழுங்கில் கேட்டால் நடுவில் ஒரு பொருள் சேர்ந்தவுடன் எல்லாம் ஒன்று தள்ளும். ஒன்று இரண்டு தரம் வரும்.

ஏபிஐயில் "இந்த நேரத்துக்குப் பிறகு மாறியவை மட்டும்" என்று கேட்க வசதி இருந்தால் நேர வலயத்தைக் கவனியுங்கோ. அங்கே கிரீன்விச் நேரம் எதிர்பார்க்கிறபோது இலங்கை நேரத்தைக் கொடுத்தால் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் வரப்போகிறதைக் கேட்கிற மாதிரி. பிழைச் செய்தியே இல்லாமல் வெறும் பட்டியல் வரும். 429 (அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள்) என்று பதில் வந்தால் அதோடு வருகிற காத்திருப்பு நேரத்தை வாசித்து அவ்வளவு விநாடி நில்லுங்கோ, உடனே திரும்பத் தட்டினால் பூட்டிவிடுவார்கள். ஏபிஐச் சாவியை உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் வைக்க வேண்டாம், பக்கத்தின் மூலத்தைத் திறக்கத் தெரிந்த எவருக்கும் அது தெரியும்.

தளத்துக்கு ஏற்ற வூகொமர்ஸின் சொந்த ஏபிஐயே காணும். ஒரு தொகுதிக்கு 100 பொருள்தான் எல்லை. புதிதாகச் சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது மூன்றும் கூட்டித்தான் 100. பகிர்வு வழங்கியில் (பல தளங்கள் ஒன்றாக ஓடுகிற வழங்கி) 50 ஆக அனுப்புங்கோ. திருத்த அனுப்பும்போது குறியீடு போதாது, பொருள் இலக்கம் வேணும், அதுதான் மேலே அதையும் அட்டவணையில் வைக்கச் சொன்னேன். தொகுதிக்கு 200, அதாவது "சரி" என்ற குறியீடு, பதிலாக வந்தாலும் உள்ளே தனித்தனிப் பொருளில் பிழை இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்க்கவேணும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கிற சிறு அடையாளம்) வைத்து மாறியதை மட்டும் அனுப்பினால் பெரும்பாலான நாளில் வேலை கொஞ்ச நேரத்தில் முடியும்.

கடைசியாக, வேர்ட்பிரஸின் உள் கிரோன் (நேரம் வைத்து வேலையை ஓட்டுவது) தளத்துக்கு ஆள் வந்தால்தான் எழும்பும். இரவு 2 மணிக்கு ஆர் பம்ப் தேடப் போகினம்? வழங்கியின் உண்மையான கிரோனில் போடுங்கோ.

முறிகண்டிக்கச்சான்

கிரோன்காரன் சொன்ன மேசை சரி. ஆனா அந்த இணைப்பு அட்டவணைய நிரப்புறதுதான் வேலை. அதை நிரலுக்கு விட்டா பிழைக்கும். கவுண்டரில நிக்கிற ஆளிட்டக் குடுங்கோ.

முதல் குழாய் அளவு. 63 ஐ 25.4 ஆல வகுத்து 2.48, ஆகவே ரெண்டரை இஞ்சி எண்டு நிரல் எழுதுற ஆக்கள் இருக்கினம். பிழை. பிவிசில மிமீ எண்டு சொல்லுறது வெளி விட்டம், இஞ்சி எண்டு நாங்கள் சொல்லுறது பழைய உள்ளளவுப் பேர். வகுத்து எடுக்க ஏலாது, அட்டவணையாத்தான் போடவேணும்: 20 அரை இஞ்சி, 25 முக்கால், 32 ஒரு இஞ்சி, 40 ஒண்டேகால், 50 ஒண்டரை, 63 ரெண்டு, 75 ரெண்டரை, 90 மூண்டு, 110 நாலு. மோசமானது 50. வகுத்தா 1.97 வரும், ரெண்டு இஞ்சி எண்டு தளம் சொல்லும், ஆள் ரெண்டு இஞ்சிப் பம்புக்கு ஒண்டரை எல்போவோட வீட்ட போவார். மல்லாவியில இருந்து அதுக்காக ஒருக்காத் திரும்பி வர வைக்கக்கூடாது. பொருளின்ர பேரில ரெண்டையும் போடுங்கோ: "எல்போ 63 மிமீ, 2 இஞ்சி". தேடற்சொல்லில "ரெண்டு இஞ்சி", "ரெண்டிஞ்சி", "2 இன்ச்" மூண்டையும் போடுங்கோ.

ரைப் 600, ரைப் 1000 எண்டுறது அமுக்கம். அதை வேற பொருளா வைக்கவேணும், ஒரே குழாயின்ர நிற வித்தியாசம் மாதிரிக் காட்டிப்போட்டு விலையக் குறைஞ்சதா எடுக்கக்கூடாது. குறைக்கிற சொக்கட்டில பெரியது முதல்: 63×50. ஒரு கம்பனி 50×63 எண்டு எழுதும், அது ரெண்டும் ஒண்டுதான், இணைச்சு விடுங்கோ.

பெயாரிங்கில இதுக்கு நேர்மாறு, இணைக்கக் கூடாது. 6203 எண்டா உள்ள 17, வெளிய 40, தடிப்பு 12 மிமீ. அது மூண்டு கம்பனிக்கும் ஒண்டு. ஆனா பின்னால இசட்இசட் எண்டு வந்தா ரெண்டு பக்கமும் தகர மூடி, 2ஆர்எஸ் எண்டு வந்தா ரப்பர் மூடி, ஒண்டும் இல்லாட்டித் திறந்தது. சேறு தண்ணிக்க ஓடுற மெசினுக்குத் திறந்தது போட்டா எவ்வளவு நாளைக்கு? பின்னொட்டை வெட்டிப்போட்டு இலக்கத்தை மட்டும் பொருத்திற நிரல் எழுதாதேங்கோ.

இனிப் பேர். ஆங்கிலப் பட்டியல மெசின் மொழிபெயர்ப்புக்குக் குடுத்தா எல்போ முழங்கையாகும். நிப்பிளுக்கு வாறத இங்க எழுத ஏலாது. போசட் சொக்கட் எண்டா உள்மரை, வால்வ் சொக்கட் எண்டா வெளிமரை. மெசின் ரெண்டையும் "குழாய் சாக்கெட்" எண்டுதான் சொல்லும். ஃபிற்றிங்ஸ் பேர் எல்லாம் கடையில சொல்லுற மாதிரியே தமிழ் எழுத்தில போடுங்கோ, மொழிபெயர்க்கவே வேண்டாம்.

விதை, மெசின் பக்கம் இந்தியத் தமிழ் வந்து விழும். அது முதல், எங்கட சொல் பிறகு எண்டு சொல்லுறன்: நிலக்கடலை கச்சான், தட்டைப்பயறு கௌபி, தர்ப்பூசணி வத்தகை, பப்பாளி பப்பாசி, பீன்ஸ் போஞ்சி, உரம் பசளை. இருசக்கர உழவு இயந்திரம் எண்டு எழுதினா ஆரும் தேடமாட்டினம், லான்ட்மாஸ்டர் எண்டுதான் அடிப்பினம். தெளிகருவி மருந்தடிக்கிற மெசின். தலைப்பில ஊர்ச்சொல், தேடற்சொல்லில மற்றது. பெல்ற்றுக்கு "பி52", "பி 52", "பி-52" எல்லாம் அடிப்பினம், இடைவெளியும் கோடும் எடுத்த ஒரு வடிவத்தையும் சேர்த்து வையுங்கோ.

இன்னொண்டு. கம்பனிப் பட்டியலோட பீடைகொல்லி வகையும் சேர்ந்து வந்திருந்தா அதைத் தானா ஏற விடாதேங்கோ. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ வாற சாமான், பதிவும் அனுமதியும் வேணும். தனிப் பிரிவாக்கி, கூடையில போட ஏலாத மாதிரி வையுங்கோ.

பரந்தன்சந்தி

50 மிமீக்கு 2 இஞ்சி என்றுதான் என் நிரலும் போட்டிருக்கிறது. இப்போதே எடுத்துவிடுகிறேன். நன்றி அண்ணை.

தேடலில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. பொருளின் பெயரில் "கௌபி விதை" என்றே இருக்கிறது, ஆனாலும் சில கைபேசியில் இருந்து "கௌபி" அடித்தால் வருகுதில்லை. பார்க்க ஒரே எழுத்துத்தான். மூன்றாவது கம்பனியின் பிடிஎஃப்புக்கும் வழி சொல்லுங்கோ.

எழுத்துக்கூட்டி

பார்க்க ஒன்று, உள்ளே வேறு. வூகொமர்ஸின் சாதாரணத் தேடல் குறிக்குக் குறி (கணினி உள்ளே வைத்திருக்கிற யூனிகோட் குறி) ஒப்பிடுவதால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்திலும் தோற்றுவிடும். தமிழில் மூன்று இடத்தில் இது நடக்கும்.

ஒன்று, ொ, ோ, ௌ ஆகிய உயிர்க்குறிகள். ஒற்றைக் குறியாகவும் வரலாம், இரண்டு துண்டாகவும் வரலாம். "கிளிநொச்சி" என்ற சொல்லையே எடுங்கோ. நொ வில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாக வந்தால் சொல்லில் 10 குறி. கொம்பு தனி, கால் தனி என்றால் 11. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. இதற்கு, துண்டுகளை ஒற்றைக் குறியாக்குகிற யூனிகோட்டின் என்எஃப்சி இயல்பாக்கம் இருக்கிறது. பிஎச்பியில் இன்டல் (intl) நீட்சியோடு வருகிற நோமலைசர் வகுப்பு அதைச் செய்யும். பகிர்வு வழங்கியில் இன்டல் அணைந்திருக்கலாம், அப்படியென்றால் கட்டுப்பாட்டுப் பலகையில் முடுக்கவேணும்.

இரண்டாவதுதான் உங்கள் கௌபி. ௌ போட வேண்டிய இடத்தில் பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற முழு எழுத்தை அடிப்பார்கள்: "கெளபி". இது எழுத்துப்பிழை, ஆகவே என்எஃப்சி தொடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா "ெள" வையும் ௌ ஆக்கவும் கூடாது, "வெள்ளரி" விதை "வௌ்ளரி" ஆகிவிடும். ள வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கோ. அப்போதும் "தெளகருவி" என்று யாராவது பிழையாக அடித்தால் இன்னும் பிழைக்கும், அதை விடுங்கோ. "தெளிகருவி"க்கு ஒன்றும் ஆகாது. மாற்றத்தைத் தேடலுக்கென்று வைக்கிற நகலில் மட்டும் செய்யவேணும், காட்டுகிற பெயரில் அல்ல.

மூன்றாவது, ஒட்டியும் பிரித்தும் வைக்கிற அகலமற்ற குறிகள், உடையாத இடைவெளி. வேர்ட் கோப்பிலும் வலைப்பக்கத்திலும் இருந்து ஒட்டுகிறபோது கூடவே வரும். வெட்டி எறியுங்கோ.

ஒரே செயற்கூறில் இந்த மூன்றையும் எழுதி, பொருளைச் சேமிக்கும்போதும் ஆள் தேடும்போதும் அதே செயற்கூறை ஓட்டவேணும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தேடற்சொற்களைத் தனிப்பயன் புலம் ஒன்றில் வைத்து, ரெலவான்சி மாதிரித் தனிப்பயன் புலத்தையும் அட்டவணைப்படுத்துகிற தேடல் செருகியைப் போடுங்கோ. சாதாரணத் தேடல் தலைப்பையும் விவரிப்பையும்தான் பார்க்கும்.

பிடிஎஃப்பில் இருப்பது பாமினியாக இருக்கும். பாமினி எழுத்துக் குறிமுறை அல்ல, ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட எழுத்துரு. சின்ன ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி: இதுதான் பாமினியில் "தமிழ்". ஆகவே கொப்பி பண்ணினால் சட்டை கழன்று ஆங்கிலம் தெரிகிறது. பாமினியில் இருந்து யூனிகோட்டுக்கு மாற்றிகள் இணையத்தில் தாராளம். ஆனால் முழு வரியையும் மாற்றியில் போடாதீங்கோ. வரியில் உள்ள பகுதி இலக்கமும் ஆங்கில எழுத்துத்தானே, அதுவும் தமிழாகும். பெரிய எழுத்து ஜே "து" ஆகும், கே "மு" ஆகும். ஜேகே என்று தொடங்குகிற பாகம் "துமு" என்று தளத்தில் நிற்கும். பிடிஎஃப்பில் ஒவ்வொரு துண்டு எழுத்தும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் உண்டு. பைத்தனின் பிடிஎஃப்பிளம்பர் அதை எழுத்தெழுத்தாகக் கொடுக்கும். எழுத்துருவின் பெயரில் பாமினி உள்ள துண்டை மட்டும் மாற்றுங்கோ. முடிந்த பிறகு கொம்பு இடம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கோ: பாமினியில் கொம்பை முதல் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பார்கள், யூனிகோட்டில் எழுத்து முதல், கொம்பு பிறகு.

கேட்காத இரண்டு விஷயம். பொருளின் தமிழ்ப் பெயரையே இணைய முகவரியாக விட்டிருக்கிறீர்களா? வேர்ட்பிரஸில் அந்த இடத்துக்கு 200 எழுத்துத்தான் எல்லை, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். "தண்ணீர் இறைக்கும் இயந்திரம்" என்ற பெயர் "தண்ணீர்-இறைக்கும்-இயந்தி" என்று வெட்டுப்படும். அதே தொடக்கமுள்ள அடுத்த பொருளுக்கு முகவரி மோதி, பின்னால் 2, 3 என்று இலக்கம் விழும். முகவரிக்குக் கடைக் குறியீட்டைப் போடுங்கோ, வாட்ஸப்பில் அனுப்பவும் நீளாது. அதுபோல வூகொமர்ஸின் பண்புக்கு (அளவு, நிறம் மாதிரி) உள்பெயர் 28 பைற்றுக்கு மேல் ஏற்காது. தமிழில் ஒரு குறி 3 பைற், ஆகவே 9 குறியோடு நிரம்பிவிடும். "குழாயின் அளவு" கூட ஏறாது. உள்பெயரை ஆங்கிலத்திலும் காட்டும் பெயரைத் தமிழிலும் வையுங்கோ.

ஏ9_கட்டைகள்

கையிருப்பு பற்றி ஆரும் பேசவில்லை. முதலாவது கம்பனியின் ஏபிஐ தருகிற கையிருப்பு அவர்களின் களஞ்சியத்தில் உள்ளது. அதைக் கடையின் கையிருப்பாகக் காட்டினால் ஆள் நம்பி மோட்டார்சைக்கிளில் வந்து நிற்பார். இரண்டாகப் பிரியுங்கோ: "கடையில் இருக்கிறது", "சொன்னால் எடுத்துத் தரலாம், இத்தனை நாள்". வூகொமர்ஸில் இரண்டாவதற்கு பேக்ஓடர் (கையிருப்பு இல்லாதபோதும் ஓடர் எடுக்கிற) அனுமதியை "வாடிக்கையாளருக்கு அறிவித்து" என்று வையுங்கோ, அந்த அறிவிப்பு வாசகத்தைத் தமிழில் எழுதுங்கோ. ஆள் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கம்பனி ஏபிஐக்கு ஓடிக் கேட்கிற வேலை வேண்டாம், அங்கே தடங்கினால் உங்கள் பக்கமும் தடங்கும். இரவில் ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா போதும். ஓடர் விழுந்த பிறகு அந்த ஒரு பொருளுக்கு மட்டும் நேரே கேட்டுப் பாருங்கோ.

முகவரிப் படிவத்தையும் வன்னிக்கு மாற்றவேணும். தபாற்குறியீட்டைக் கட்டாயப் புலத்தில் இருந்து எடுங்கோ, அதை மனப்பாடமாகச் சொல்கிற ஆக்கள் குறைவு. வீதி இலக்கம் என்ற புலத்துக்கும் பெரிதாக வேலை இல்லை. மாவட்டம், ஊர் இரண்டும் தெரிவுப்பட்டியல், பிறகு "அடையாளம்" என்று ஒரு திறந்த புலம்: கட்டை, யூனிட், சந்தி, கோயிலடி, குளக்கட்டு, எதையும் எழுதட்டும். அனுப்புகூலியை ஊர்ப் பட்டியலோடு கட்டுங்கோ.

கைபேசி இலக்கம் ஒன்றுதான் உண்மையில் கட்டாயம். 077 என்று தொடங்கியும் +94 என்று தொடங்கியும் நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவார்கள். இலக்கம் அல்லாததை எல்லாம் வெட்டி, முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்து 94 உம் பின்னால் 9 இலக்கமுமாகச் சேமியுங்கோ. உறுதிப்படுத்தும் எஸ்எம்எஸ்ஸைத் தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிதான், ஆங்கிலத்தில் 160. 70ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 ஆகக் குறையும், இரண்டு செய்திக் கட்டணம். எழுத்தை எண்ணாமல் குறியை எண்ணுங்கோ; கிளிநொச்சி ஐந்து எழுத்து, ஆனால் எழுத்துக்கூட்டி சொன்ன மாதிரி 10 குறி.

ஓடர் விழுந்ததும் கடைக்காரரின் வேறு மென்பொருளுக்குத் தகவல் போக வெப்ஹூக் (தளமே தகவலைத் தள்ளிவிடுகிற இணைப்பு) வைக்கிறீர்கள் என்றால் ஒன்று: மற்றப் பக்கம் தொடர்ந்து 5 தரம் பதில் சொல்லாவிட்டால் வூகொமர்ஸ் அந்த வெப்ஹூக்கைத் தானாகவே அணைத்துவிடும். மின்வெட்டில் கடைக் கணினி படுத்தால் போதும். பிறகு மின்சாரம் வந்தாலும் தகவல் போகாது, ஆளாகப் போய் முடுக்கவேணும். ஆகவே வெப்ஹூக்கை மட்டும் நம்பாமல் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஓடர்களை இழுத்துப் பார்க்கிற கிரோனும் வையுங்கோ.

பரந்தன்சந்தி

எல்லாம் ஒன்றாகச் செய்ய ஏலாது. காலபோக விதைப்புக்கு முன்னம் தளம் ஓடவேணும். எங்கே தொடங்க?

கிரோன்காரன்

4,800 ஐயும் தொடாதீங்கோ. கடையில் ஓடுகிற சாமான் எது என்று பில் புத்தகத்தைப் பார்த்து முதல் 400 ஐ எடுங்கோ; கச்சானும் ரெண்டு இஞ்சியும் அதற்குள்தான் இருக்கும். அந்த 400 க்கு மட்டும் இணைப்பு அட்டவணை, தமிழ்ப் பெயர், தேடற்சொல், உங்கள் வழங்கிக்கே இறக்கிச் சிறிதாக்கிய படம். கம்பனித் தளத்துப் படத்தை அங்கிருந்தே காட்டவேண்டாம், அவர்கள் கோப்பை நகர்த்தினால் உங்கள் பக்கத்தில் வெறும் பெட்டி நிற்கும். எடுத்துப் போட அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கோ. மிச்சம் மேசையிலேயே கிடக்கட்டும், வெளியே காட்டாமல். தேடி ஒன்றும் கிடைக்காத சொற்களைப் பதிவு செய்கிற வசதியை முதல் நாளே முடுக்கிவிடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா அதை முறிகண்டிக்கச்சான் மாதிரி ஒருத்தரிடம் காட்டினால் அடுத்து எந்தப் பொருளை ஏற்றுவது, எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று அதுவே சொல்லும்.

ஒழுங்கு: முதல் ஏபிஐ, பிறகு எக்செல். காவல் விதிகள் இரண்டும், அதாவது எண்ணிக்கை குறைந்தால் நிறுத்து, விலை 30 வீதத்துக்கு மேல் ஆடினால் நிறுத்து, இவை இல்லாமல் ஒரு ஓட்டமும் ஓட்டாதீங்கோ. பிடிஎஃப்பைக் கடைசிக்கு விடுங்கோ. அதற்கு நிரல் எழுதத் தொடங்க முதல் அந்தக் கம்பனிக்கு ஒரு கோல் எடுத்து, பிடிஎஃப் செய்த மூலக் கோப்பையே அனுப்ப ஏலுமா என்று கேளுங்கோ. பெரும்பாலும் அது ஒரு எக்செல் கோப்பாகத்தான் இருக்கும், அதிலும் பாமினிதான் நிற்கும், ஆனால் இலக்கம் ஒரு நிரலிலும் பெயர் இன்னொரு நிரலிலுமாகப் பிரிந்து வரும். துமு வராது.